குப்புறப் படுத்த பத்து நாள்

"தலையைத் தூக்காதீங்க!" சமையலறையிலிருந்தே மனைவி கத்தினாள்.

"தூக்கலையே!"

"அப்ப காலண்டர் பின்னாடி பல்லி இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

செல்போன் ரிப்பேர்காரர் அவசரமாகத் தலையணையில் முகம் புதைத்தார். சர்க்கரை நோய் அவருடைய வலது கண்ணின் விழித்திரையைப் பிய்த்துவிட்டிருந்தது. ஆபரேஷன் செய்து, ஒட்டிப் பிடிப்பதற்காக உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார்கள். அது மேலே மிதந்து அழுத்த வேண்டுமானால் இவர் தரையைத்தான் பார்க்க வேண்டும். நிமிர்ந்தால் கண் போச்சு. கண் போனால் கடை போச்சு.

"எத்தனை நாளைக்கு இப்படி?"

"பத்து நாள். பேசாம கிடங்க."

பொழுது போகட்டுமென்று, தரையில் கண்ணாடியைச் சாய்த்து டி.வி.யைக் காட்டினாள். எழுத்தெல்லாம் திரும்பித் தெரிந்தது. படிக்கிறேன் பேர்வழி என்று முறுக்கியதில் கழுத்து பிடித்துக்கொண்டது.

கழுத்து வலிக்கு மச்சினன் வழி கண்டுபிடித்தான். மடக்குக் கட்டில் துணியில் முகமளவு ஓட்டை வெட்டினான். முகம் கச்சிதமாக நுழைந்தது. திரும்பி வரத்தான் காது இரண்டும் சம்மதிக்கவில்லை.

"மாமா, காதைக் கொஞ்சம் மடக்குங்க!"

"என்ன, குடையாடா இது?"

ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டு மச்சினன் நழுவினான். எஞ்சியது தரை மட்டும். அதையே பார்த்துப் பார்த்து அவர் புலம்பத் தொடங்கவே, மனைவி பாயை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கடியில் மல்லாந்து படுத்து, செய்தித்தாள் வாசித்தாள். உறிஞ்சுகுழலில் அவர் குடித்த டீ அவள் நெற்றியில் சொட்டியது. ஆறாம் நாள், செய்தித்தாள் பிரிக்கப்படாமலே ஓரமாகக் கிடந்தது.

"உன் புருவத்துல மச்சமா?"

"கல்யாணத்தப்பவே இருந்துச்சு."

"நான் பார்க்கலையே!"

"எப்படிப் பார்ப்பீங்க? நான் என்ன உடைஞ்ச போனா?"

அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. எட்டிப் பார்த்த மச்சினன் திகைத்தான்.

"கட்டிலுக்கடியில என்னக்கா தேடுற?"

"உன் மாமாவைத்தான்டா."

பதினோராம் நாள் டாக்டர் கண்ணைச் சோதித்துவிட்டு, "அருமையா ஒட்டியிருக்கு" என்றார். ரிப்பேர்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"பின்னே? பத்து நாள் நிமிரவே இல்லையே, டாக்டர்!"

மருந்து எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் சட்டென்று அவர் மனைவி பக்கம் திரும்பினாள்.

"பத்து நாளா? மூணு நாள் போதும்னு உங்ககிட்டதானேம்மா சொல்லி அனுப்பினேன்?"