சஹர் சாப்பிட்ட மாடு

அன்புமிக்க மச்சான் அகமதுலெவ்வை அவர்களுக்கு, நிந்தவூரிலிருந்து மீராமுகைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். மாட்டையும் உங்கள் தங்கை ஹாஜறாவையும் தவிர்த்துப் பார்த்தால் இங்கு எல்லோரும் சுகம். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போன் ஹாஜறாவின் இடுப்பில் இருக்கிறது.

சுனாமி மூன்று வளவு தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டும் உயிரோடு எழுந்து வந்த நம் செவலைப் பசுவுக்கு இப்போது கண்ணில் புற்றுநோய். கண்ணை எடுத்தால் பிழைக்கும் என்றார் காரைதீவு மிருக வைத்தியர் குணம். உடனே எடுப்பார் என்று பார்த்தால், தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடியில்கூட என்னை இவ்வளவு தடவவில்லை. "நோய் வேற இடத்துக்குப் பரவியிருந்தா வெட்டிப் பிரயோசனமில்ல, அதான் பாக்கன்" என்றார். பரவவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஒப்பரேசனுக்கு முதல்நாள் தொடக்கம் தீனி காட்டக் கூடாது, மயக்கத்தில் இரை மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் போனால் மாடு மௌத்து என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நோன்பு மாதம். நாங்களும் பட்டினி, மாடும் பட்டினி, கணக்குச் சரிதானே. ஒப்பரேசன் அன்று விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பிய உங்கள் தங்கை, "சஹர் இல்லாம எந்தச் சீவன் நோன்பு புடிக்கும்?" என்று கேட்டு, கஞ்சியைக் கொண்டுபோய் மாட்டுக்கு வைத்துவிட்டாள். காலையில் வந்த டொக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "மாட்டுக்கு நோன்பு, வயித்துக்குப் பெருநாளா?" என்று பெட்டியை மூடிவிட்டார். இனி அடுத்த கிழமைதான். அதற்குள் நோய் எலும்பில் ஏறிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். இரக்கப்பட்டே கொல்லுகிற ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு ஒப்பரேசன் செய்ய முடியாது. தயவுசெய்து வந்து, உங்கள் தங்கையைக் கொஞ்ச நாளைக்குச் சம்மாந்துறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் வேளாண்மைக்கும் வீட்டுக்கும் அல்லாஹ் பரக்கத் தரட்டும். எனக்குப் பொறுமை தரட்டும். வஸ்ஸலாம்.

மீராமுகைதீன்

பி.கு: காக்கா, உங்கட தங்கச்சி ஹாஜறா எழுதுறன். இந்தக் கடிதத்தத் தபாலில போடச் சொல்லி என்ட கையிலதான் தந்தார். நான் வெச்சது ஒரு சிரட்டைக் கஞ்சி, அது உண்மை. சுபஹு தொழுதிட்டு வந்து ரெண்டு கட்டுப் புல்லப் போட்டவர் இவர்தான். மாட்டுட கழுத்தக் கட்டிப் புடிச்சி அழுதழுது போட்டவர். பாத்தும் நான் டொக்டருக்கிட்ட சொல்லல்ல. நீங்க வாங்க காக்கா. வந்து இவரக் கூட்டிட்டுப் போங்க.