எட்டு வார ஓட்டத்தைப் பன்னிரண்டு நாளில் முடித்தேன்

சொந்தக் காலில் முன்னுக்கு வந்தவனிடம் 'உன்னால் முடியாது' என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. முடியுமா முடியாதா என்று யோசிக்க மாட்டான். முடித்துவிட்டதாகவே ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிடுவான். நான் அந்த ரகம்.

படிப்பு அஞ்சாங்கிளாஸ். செருப்புக்குப் பசை தடவும் வேலையில் ஆரம்பித்து, இன்று ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருக்கிறேன். அறுபது மிஷின். (ரெண்டு ரிப்பேர். அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.)

மருமகள் நிர்மலாவுக்கு வளைகாப்பு நடந்த அன்று, பிறக்கப்போகும் குழந்தையை வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது. சர்டிபிகேட் பேரை அவர்களே வைத்துக்கொள்வார்களாம். கூப்பிடுகிற பேர் பெரியவர்கள் இஷ்டமாம். பெண் என்றால் என் அம்மா பேர் அஞ்சலை என்றேன். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் என் சம்பந்தி, அவர் அம்மா பேர் பச்சையம்மா என்றார். ஆண் என்றால் அவரவர் அப்பா பேர். சாப்பாட்டுப் பந்தியில் குரல் ஏறிவிட்டது.

சம்பந்தி ஒரு வருஷமாகக் காலையில் ஓடுகிறவர். தொப்பை கரைந்து, பழைய சட்டை அவர் மேல் கொடியில் காய்வது போலத் தொங்கும்.

"அடுத்த மாசம் உங்க ஊர்ல அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம் வெக்கிறாங்களாமே. யார் முன்னாடி வர்றாங்களோ அவங்க சொல்ற பேர். இன்னா சொல்றீங்க?" என்றார்.

"வேணாம்பா," என்று நிர்மலா அவரைத் தடுத்தாள். "மாமாவால முடியாது."

(சொல்லிவிட்டாள்.)

"ஓடறேன்!" என்றேன். என் மனைவி சரோஜா மோர் ஊற்றிக்கொண்டே, "மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. ஓடறாராம்," என்று இலையைப் பார்த்துச் சொன்னாள்.

குடியாத்தம் கிளம்புமுன் நிர்மலா என் போனில் ஓட்டப் பயிற்சிக்கான ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அதற்குள் ஒரு பெண் இருந்துகொண்டு 'ரன்' என்பாள், 'வாக்' என்பாள். முதல் வாரம் ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. அப்படியே ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய் எட்டாவது வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டம்.

"அஞ்சு வாரம்தான் டைம் இருக்குது மாமா. எதுவரைக்கும் வருதோ வரட்டும். அவசரப்படாதீங்க."

அவசரப்படாமலா அறுபது மிஷின் வந்தது?

முதல் நாள் ஓடிப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் 'வாக்' என்றாள். வேலை நேரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பதற்கா இவ்வளவு பெரிய போன்? திரையில் ஒரு அம்புக்குறி தெரிந்தது. தொட்டேன். நடை ஓடிப்போய் அடுத்த 'ரன்' வந்தது. ஆஹா!

மூன்றாவது வாரத்துக்கான ஓட்டம் வந்தபோது இன்னொரு உண்மையும் பிடிபட்டது. எங்கள் தொழிலில் ஆயிரம் ஜோடி தைத்தால் ஆயிரத்தையுமா சோதிக்கிறோம்? நாலு பீஸ் எடுத்துப் பார்ப்போம். சரியாக இருந்தால் மொத்த லாட்டும் பாஸ். ஒரு நிமிஷம் ஒழுங்காக ஓடுகிறவன் இருபது நிமிஷமும் ஒழுங்காகத்தானே ஓடுவான்? ஆகவே ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு நிமிஷம் சாம்பிள் ஓடி, மீதிக்கு அம்புக்குறி. காலை ஒரு ஷிப்ட், மாலை ஒரு ஷிப்ட். பன்னிரண்டே நாளில் எட்டு வாரமும் காலி. ஆப் எனக்கு ஒரு தங்கப் பதக்கத்தின் படம் கொடுத்தது. அதை சம்பந்திக்கு அனுப்பினேன். அரை மணி கழித்து, "வாழ்த்துகள் சம்பந்தி" என்று பதில் வந்தது. பயந்துவிட்டார் என்று சரோஜாவிடம் சொன்னேன். மீதி நாளெல்லாம் ஓய்வு.

ஞாயிற்றுக்கிழமை காலை. பைபாஸை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருநூறு பேர். எல்லோர் காலிலும் துணி ஷூ. என் காலில் மட்டும் பளபளவென்று எக்ஸ்போர்ட் தோல் ஷூ. (தோல் ஊர்க்காரன் துணியைப் போடுவதா?)

விசில் ஊதியதும் பாய்ந்தேன். காலேஜ் பையன்களெல்லாம் எனக்குப் பின்னால். சரியாக ஒரு நிமிஷம் நான்தான் முதல். அதற்கு மேல் நெஞ்சுக்குள் தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. பழக்க தோஷம், கை தானாகப் போனுக்குப் போய் அம்புக்குறியைத் தொட்டது.

ரோடு அப்படியே இருந்தது.

மறுபடி தொட்டேன். நாலரை கிலோமீட்டருக்கு மேல் ரோடு அசையாமல் கிடந்தது. சம்பந்தி கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து, கை வீசிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். "மெதுவா வாங்க சம்பந்தி," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வேறு போனார்.

ரெண்டாவது கிலோமீட்டர் கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். குதிகால் ரெண்டும் தக்காளி. அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே என் யூனிட்டில் தைக்கும் பெண்கள், சந்தைக்குப் போகிறார்கள்.

"மொதலாளி! இன்னா இங்க குந்திகினு கீறீங்க?" என்றாள் செல்வி.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா," என்றேன்.

சம்பந்தியைத் தாண்டும்போது செல்வியின் காய்கறிப் பையால் முகத்தை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூட மைதானத்துக்கு ஒரு வளைவு முன்பே இறங்கி, எனக்குக் கைவந்த அந்த ஒரு நிமிஷ ஓட்டத்தை ஓடி, கோட்டைத் தாண்டி ரெண்டு கையையும் தூக்கினேன். நாலு நிமிஷம் கழித்துத்தான் சம்பந்தி வந்தார்.

நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நிர்மலாவிடம், ஆப் குறித்துவைத்த கணக்கோடு நானே போனை நீட்டினேன். "பாரும்மா, மாமா டைமிங்க!"

பார்த்தாள். "மாமா, மொத ரெண்டு கிலோமீட்டர் அரை மணி நேரம். கடைசி மூணு கிலோமீட்டர் ஆறு நிமிஷம். ஒலகத்துல எவனும் இப்படி ஓடல."

"சூடு புடிக்கக் கொஞ்சம் லேட்டாச்சும்மா."

சம்பந்தி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் மைதானத்து வாசலில் ஆட்டோ ஹாரன். செல்வி பாதி உடம்பை வெளியே நீட்டி, ரெண்டு கையிலும் எதையோ தூக்கிக் காட்டிக்கொண்டு கத்தினாள்:

"மொதலாளீ! ஷூவ ஆட்டோலயே உட்டுட்டீங்களே!"

குனிந்து பார்த்தேன். சாக்ஸ்தான் இருந்தது.

பிறந்தது பெண் குழந்தை. இப்போது மூன்று வயது. என்னை விட்டால் யாரிடமும் சோறு தின்னாது. அதனால் தினமும் மூன்று வேளையும், "என் தங்கம் பச்சையம்மா, என் ராசாத்தி பச்சையம்மா, ஒரே ஒரு வாய் வாங்கிக்கடி," என்று சம்பந்தியைப் பெற்ற தாயைக் கொஞ்சிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் பார்த்துச் சரியாகக் குடியாத்தத்திலிருந்து போன் வரும். சரோஜா எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.