டப்பா மேல் இஞ்ஞாசியின் முகம்

மில்லர்புரம், தூத்துக்குடி
12-9-1975

பனிமய மாதா துணை

அன்பும் மரியாதையும் உள்ள மரியான் அண்ணனுக்குத் தங்கை பிலோமி எழுதுவது. நீங்களும் அண்ணியும் சென்னையில் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான், முழிப்பதற்குள் முடிக்க வேண்டும். நீங்கள் வக்கீல். எனக்கு உடனே ஒரு வக்கீல் நோட்டீஸ் வேண்டும், டென்மார்க் பால்மாவுக் கம்பெனிக்கு. டப்பாவில் இருக்கும் என் பிள்ளை இஞ்ஞாசியின் படத்தை எடுத்தாக வேண்டும்.

உங்கள் மச்சான் துறைமுக ஆபீஸ் வேலையை உதறிவிட்டு அந்தக் கம்பெனிக்கு நம் ஜில்லாப் பிரதிநிதியானது உங்களுக்குத் தெரியும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பம்பாயிலிருந்து வந்த யென்சன் துரை எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இந்தியாவில் வீட்டுக்கு வீடு பிள்ளை இருக்கிறது, வீட்டுக்கு ஒரு டப்பா என்றாலும் டென்மார்க் மாடெல்லாம் சேர்ந்து கறந்தாலும் பத்தாது என்று கணக்குச் சொன்னார். கம்பெனிப் பங்கில் பாதிக்குமேல் இந்தியருக்கே தரவேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறதாம், அதனால் டப்பாவில் முகமும் இந்திய முகமாக இருந்தால் நல்லது என்று சொல்லிக்கொண்டே தொட்டிலை எட்டிப் பார்த்தார். பொக்கை வாயைத் திறந்து சிரிக்க இவனுக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை.

அந்த மாவை இவன் ஒரு கரண்டிகூட முழுங்கியதில்லை அண்ணே, துப்பிவிடுவான். அந்தக் கன்னம், குழைந்த சோற்றிலும் முள்ளெடுத்த சாளை மீனிலும் வளர்ந்த கன்னம், பெயர் டென்மார்க்குக்கு. கோயிலில் பெண்கள், "ஏளா பிலோமி, வேளைக்கு எத்தனை கரண்டி போடுத?" என்று கேட்கிறார்கள், நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செபம் சொல்கிறேன். நம் ஊர் உப்புத்தண்ணீரைக் காய்ச்சாமல் கரைத்துக் கொடுத்து யார் வீட்டுப் பிள்ளைக்காவது வயிற்றோட்டம் வந்தால் அந்தத் தாய் யார் முகத்தைப் பார்த்துச் சபிப்பாள்?

இதற்குமேல் மாமி. படம் எடுத்த அன்று பேரன் கன்னத்தில் அவர் வைத்த திருஷ்டிப் பொட்டை, பம்பாயில் எவனோ அழுக்கென்று நினைத்து அழித்துவிட்டான். டப்பாக்கள் வந்து செந்தூர்பாண்டி அண்ணாச்சி கடையில் கூரை வரை அடுக்கிய வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல். டாக்டர் பல் முளைக்கிறது என்றார். மாமி கேட்கவில்லை. "பொட்டில்லாம எம் பேரன கடை கடையா நிறுத்திட்டு, பல்லாம்லா பல்லு. ஏளா, நீ காலேஜ் படிச்சவ, வாயப் பொத்திட்டு அந்த மைச்சிமிழ எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். பி.எஸ்ஸி. படித்தவள்தான், ஆனால் காய்ச்சல் என் பிள்ளைக்கல்லவா. அன்று முதல் மாமி கடை கடையாக ஏறி ஒவ்வொரு டப்பாவின் கன்னத்திலும் பொட்டு வைக்கிறார்.

இப்போது பொட்டு வைத்தால்தான் விற்கிறது. "பொட்டில்லாதது போலியாம்லா, தொடமாட்டேங்காவ. ஒங்க மாமிய அந்தக் கடைசி வரிசைக்கும் ஒரு எட்டு வரச் சொல்லுங்கம்மா" என்று அண்ணாச்சி எனக்கே ஆள் அனுப்புகிறார்.

போன மாதம் துரை கடையைப் பார்க்க வந்தவர், டப்பாக்களில் பொட்டைக் கண்டு, போட்டிக் கம்பெனிக்காரன் செய்த சதி என்று சிவந்துபோய், ஆளைப் பிடித்துக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரம் என்று உங்கள் மச்சானிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமி சிமிழோடு படியேறியிருக்கிறார். மாமி துரையை ஏற இறங்கப் பார்த்து, மகனிடம், "ஏலே ரோச், இந்தப் பய எம்புட்டு செவப்பா இருக்கான், ஊர்க்கண்ணு பூரா இவன் மேலதான் கெடக்கும்" என்று அவர் கன்னத்திலும் ஒன்று வைத்துவிட்டார். அவர் அதை ஏதோ இந்திய மரியாதை என்று எண்ணி, அப்படியே துறைமுக அதிகாரி வீட்டு விருந்துக்குப் போய்விட்டார். அது கண்ணேறு படாமலிருக்கப் பிள்ளைகளுக்கு வைக்கிற பொட்டு என்று அங்கே யாரோ விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் பம்பாய்க்குப் போனவர் இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

இவர் ராத்திரி முழுக்க முற்றத்தில் நடக்கிறார். வேலை போனால் போகட்டும் அண்ணே, பிள்ளை முகம் பிள்ளையிடம் திரும்பட்டும். நோட்டீஸைக் கடுமையாகவே எழுதுங்கள், இவருக்குத் தெரியவேண்டாம். அண்ணிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தங்கள். மாதா உங்கள் குடும்பத்தைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும்.

தங்கள் அன்புத் தங்கை,
பிலோமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் காலைத் தபாலில் கம்பெனிக் கடிதம் வந்துவிட்டது. வேலை நிரந்தரமாம். சரக்கு அதிகம் விற்றது நம் ஜில்லாவில்தானாம். ஆனால் பொட்டுத் தொல்லை வேண்டாமென்று இனிமேல் டப்பாவில் ஒரு பம்பாய்ப் பிள்ளையின் படமாம், மாதிரியும் அனுப்பியிருக்கிறார்கள். அண்ணே, அதற்குக் கன்னமே இல்லை. நோஞ்சான். நோட்டீஸ் கட்டாயம் வேண்டும், இஞ்ஞாசி படத்தை எடுக்கக்கூடாது என்று. அடியில் அவன் பெயரையும் அச்சடிக்கச் சொல்லச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்றும் பாருங்கள்.