இரண்டு நாள் விதியும் என் நாற்காலியும்

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக என் மனைவியிடம் சத்தம் போட்டே தீருவது.

மென்னோனைட் என்கிற எங்கள் கிறிஸ்தவச் சபையில் சத்தம் போடுகிற வழக்கம் இல்லை. துப்பாக்கி தொடமாட்டோம். கை ஓங்கமாட்டோம். சத்தியம் செய்யமாட்டோம். எல்லாம் சரி. வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்கு அது காதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு காதும் பீட்ரூட் மாதிரி சிவந்துவிடும். அன்றைக்கு என் காதில் ரொட்டியே சுட்டிருக்கலாம்.

காரணம், என் நாற்காலி. பழுப்பு நிறம். பக்கவாட்டுக் கைப்பிடியை இழுத்தால் முதுகு பின்னால் சாயும், கால் தானாக மேலே எழும். நிலத்தையும் டிராக்டரையும் மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் குடிவந்தபோது, எனக்கென்று நான் கொண்டுவந்த ஒரே சொத்து அது. அன்றைக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், நாற்காலி இருந்த இடத்தில் கம்பளத்தில் நாலு பள்ளம் மட்டும் இருக்கிறது.

"அகனேத்தா! என் நாற்காலி எங்கே?"

சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஜன்னலும் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு டீட்ரிக் ஃபங்க் வேலியோரம் நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். அதனால் என் கர்ஜனை பாதி வழியில் கிசுகிசுப்பாகிவிட்டது.

"கடைக்குக் கொடுத்துட்டேங்க" என்றாள் அவள்.

"எந்தக் கடைக்கு?"

"இது என்ன கேள்வி? பத்தொன்பது வருஷமா நான் போற கடைக்கு."

அது எங்கள் சபையார் நடத்துகிற பழைய சாமான் கடை. ஊரில் வேண்டாமென்று கொடுப்பதையெல்லாம் விற்று, அந்தப் பணத்தைப் போரிலும் பஞ்சத்திலும் தவிக்கிற நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே வேலை செய்கிற யாருக்கும் சம்பளம் கிடையாது. மூட்டை மூட்டையாக வருகிற துணியைப் பிரிக்கிற அறைக்கு என் மனைவிதான் ராணி.

"என்னைக் கேக்காம கொடுத்தியா?"

"கேட்டேனே. 'இதுல இனிமே யாராவது உட்காரப் போறீங்களா'ன்னு மூணு தடவை கேட்டேன். நீங்க அதுல தூங்கிட்டிருந்தீங்க."

"போய்த் திருப்பி எடுத்துட்டு வர்றேன்."

"கொடுத்ததைத் திருப்பி எடுக்க முடியாதுங்க."

"அப்ப விலைக்கு வாங்கறேன்!"

"அதுவும் இப்ப முடியாது. ரெண்டு நாள் விதி இருக்கில்ல?"

விதி இதுதான். கடையில் சேவை செய்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும், ஒரு சாமான் விற்பனைக்கு வந்து இரண்டு முழு நாள் ஆன பிறகுதான் அதை வாங்கலாம். நல்லதையெல்லாம் உள்ளே இருக்கிறவர்களே அமுக்கிக்கொள்ளக் கூடாதல்லவா? அதற்குள் வெளியாள் எவன் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். இந்த விதியை எழுதிய புண்ணியவதி யாரென்று கேட்காதீர்கள். அவளோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

"அதுக்குள்ள எவனாவது வாங்கிட்டா?"

"பக்கத்துலயே ஒரு ஆள் நின்னா வாங்கமாட்டாங்க. ஆனா, ஏப்ரன் கட்டாத ஆளை நாள் பூரா அங்க நிக்க விடமாட்டாங்களே, என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு, உருளைக்கிழங்குத் தோலைச் சீவ ஆரம்பித்தாள்.

அந்த நொடியில் என் மூளையில் ஒரு திட்டம் பளிச்சென்று உதித்தது. முழுக்க முழுக்க என் சொந்தத் திட்டம். யாரும் சொல்லித் தரவில்லை.

மத்தியானம் கடையில் போய் நின்றேன். நிர்வாகி கத்தரீனா ஹார்ம்ஸிடம், "நான் சேவை செய்ய வந்திருக்கேன்" என்றேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. மேஜைக்கடியிலிருந்து ஒரு ஏப்ரனை எடுத்து நீட்டினாள். என் வயிற்றுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

"முழு மனசோட வந்திருக்கீங்களா அண்ணே?"

"ஆமா."

"ரெண்டு நாள் வந்துட்டு நின்னுடமாட்டீங்களே?"

சரியாக இரண்டு நாள்தான் என் கணக்கு. ஆனால் துணி அறைப் பெண்கள் எட்டுப் பேர் வாசலில் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"நான் எதையும் பாதியில விடுற ஆளா?"

"அப்ப ஒரு வருஷம். சரிங்களா அண்ணே? முதல் ரெண்டு நாள் மேஜை நாற்காலிப் பக்கம் நில்லுங்க. அப்புறம் உங்க இடத்துக்குப் போயிடலாம்."

அதே சமயம் முன்பின் தெரியாத ஒரு தடியன் குனிந்து என் நாற்காலியின் விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

"சரி! சரி! சரி!" என்று ஓடினேன்.

நாங்கள் சத்தியம் செய்யாததற்குக் காரணம் உண்டு. எங்களிடம் 'சரி' என்றால் சரிதான், அதற்கு மேல் சத்தியம் எதற்கு? கையெழுத்துப் போட்ட காகிதத்தையாவது கிழித்துப் போடலாம். எட்டுப் பெண்கள் காதால் கேட்ட 'சரி'யை எந்தக் கொம்பனாலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் மூன்று தடவை சொல்லியிருந்தேன்.

தடியனை விரட்டுவதற்குப் பொய் சொல்லலாமா? அதற்கும் எங்களுக்கு அனுமதி இல்லை. எரிச்சலாக வந்தது. இருக்கிற உண்மையையெல்லாம் திரட்டிச் சொன்னேன். முதுகுப்புறத்துக் கறை 1998-இல் கொட்டிய பீட்ரூட் சூப். உள்ளே கிடப்பது ஒரு சீப்பு, அரைக்கிலோ சூரியகாந்தித் தோல், ஏதோ ஒரு சாவி. என் மாமனார் கடைசியாகச் சாய்ந்தது இதில்தான். தடியன் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். இதே உண்மையைச் சொல்லிச் செவ்வாய்க்கிழமை நாலு பேரை அனுப்பினேன். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி சாமி கும்பிடாத குறையாக ஓடியது.

செவ்வாய் மாலை டீட்ரிக் ஃபங்க் வந்தான். நேராக வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கைப்பிடியை இழுத்து, அவன் காலை மேலே தூக்கினான். எனக்குக் காது கொதித்தது.

"எந்திரிடா டீட்ரிக்."

"சொகமாத்தான்யா இருக்கு. வாங்கிடலாம்னு பாக்கறேன்."

"அதுக்குள்ள ஒரு எலி பிரசவமாகியிருக்கு."

"பரவாயில்ல, ராசியான நாற்காலி."

"கைப்பிடி சிக்கிக்கும்டா. ஒரு ஞாயித்துக்கிழமை அகனேத்தா கோயிலுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க முடியாம கிடந்தேன்."

"பிரசங்கத்துக்குத் தப்பிச்சியா? அப்ப கண்டிப்பா வேணும்."

என்னால் தாங்க முடியவில்லை. நாற்பத்தோரு வருஷமாக அடக்கி வைத்திருந்த சத்தம் மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

"உன் பெண்டாட்டி இங்கதானே ஒட்டுப்போர்வை தைக்கிறா? அப்ப நீயும் உள்ளாளுதான்! ரெண்டு நாள் ஆகணும்! விதின்னா விதி! யாரா இருந்தாலும் விதி!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவி கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கத்தரீனாவோ கண் கலங்க ஓடி வந்தாள்.

"நம்ம விதிக்காக இவ்வளவு ஆவேசமா யாருமே நின்னதில்லை அண்ணே! அகனேத்தா அக்கா சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்காங்க."

அனுப்பியிருக்கிறாளா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். புகழ்ச்சியில் மயங்கிவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் மணி அடித்தாற்போல் நாற்காலியை வாங்கினேன். ஜெயித்துவிட்டேன்! என் பிக்கப் வண்டியில் ஏற்ற டீட்ரிக்கே கை கொடுத்தான். கயிறு கட்டும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மாதா மாதம் வருகிற எங்கள் கடைச் செய்தித்தாள்.

"உன் பேரு வந்திருக்கு, பாத்தியா?"

பிடுங்கிப் படித்தேன். சனிக்கிழமை பிளம் பழச் சூப் விருந்து. நன்கொடைப் பை ஒன்றில் பல்செட் கிடைத்திருக்கிறது, உரியவர் வந்து பொருத்திப் பார்த்துப் பெற்றுக்கொள்ளவும். அதற்குக் கீழே:

'துணி அறையில் பத்தொன்பது ஆண்டுகள் சேவை செய்த சகோதரி அகனேத்தா ஓய்வு பெறுகிறார். விலகுபவர் தம் இடத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும் என்ற நம் வழக்கப்படி, தம் கணவர் இஸ்பிராண்ட் லேவனை ஓராண்டுக்கு ஒப்படைத்துள்ளார். அவர் மனமுவந்து வருகிறார்.'

தாளின் தலைப்பில் அச்சிட்ட தேதி இருந்தது. போன வெள்ளிக்கிழமை. என் நாற்காலி வீட்டைவிட்டுப் போனது திங்கட்கிழமை.

"எட்டு மாசமா ஆள் தேடினாளாம்" என்றான் டீட்ரிக், விதைத் தோலைத் துப்பியபடி. "ஒருத்தரும் சிக்கலையாம்."

வண்டியை எப்படி ஓட்டினேனோ தெரியாது. இன்றைக்கு ஜன்னலாவது, வேலியாவது! ஊரே கேட்கட்டும்! நாற்காலியை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, வீட்டுக்குள் நுழைந்தேன்.

"அகனேத்தா!"

"வந்துட்டீங்களா? கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். பள்ளத்துல சரியா உக்காரட்டும்."

வைத்தேன். நான் நிமிர்வதற்குள் அவள் அதில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பிடியை இழுத்தாள். எனக்கு எப்போதும் சிக்குகிற கைப்பிடி அவளுக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கால் இரண்டும் மேலே எழுந்தன. வீங்கின கால்கள்.

"பத்தொன்பது வருஷம் நின்னுக்கிட்டே துணி பிரிச்சேங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பாடா!"

முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தேன். காது எரிந்தது.

"அப்ப நான் எங்கடி உக்கார்றது?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு உக்கார நேரம் ஏதுங்க? காலைல எட்டு மணிக்கு முதல் மூட்டை வந்துடும். காலுறையை எல்லாம் ஜோடி பாத்துச் சேர்க்கணும்."