பொட்டுவுக்குக் காது கேட்கிறது என்று கமிட்டி கண்டுபிடித்த கதை

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்ததால் கமிட்டி இருந்தது. கமிட்டி இருந்ததால் படிவங்கள் இருந்தன. ஆண்டவன் புண்ணியத்தில் பிள்ளைகளும் கொஞ்சம் இருந்தார்கள்.

அந்தக் காட்டில் பவளம் என்று ஒரு புள்ளிமான். அவளுக்கு ஒரே குட்டி, பேர் பொட்டு. பொட்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மானாய்ப் பிறந்த பிள்ளைக்கு அது சின்ன விஷயமா? மரத்து மேலே காவல் இருக்கிற மந்தி "புலி! புலி!" என்று கத்தினால் மற்றக் குட்டிகள் எல்லாம் ஓடிவிடும். இவள் பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருப்பாள். பவளம் பாய்ந்து போய் முட்டித் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். தினமும் விடிந்ததும் சூரியனைப் பார்த்து அவள் ஒன்றே ஒன்றுதான் வேண்டுவாள். "சாமி, நான் பக்கத்தில் இல்லாத நாளிலும் என் பிள்ளைக்கு ஓடத் தெரிய வேண்டும்."

வேண்டுதல் பலித்த மாதிரி பள்ளிக்கூடத்துக்கு நாரை டீச்சர் வந்தார். நாரைக்குக் கத்த வராது. கழுத்தாலும் இறக்கையாலும்தான் பேச்சு. கழுத்தை வளைத்தால் தண்ணீர். அலகால் தரையைத் தட்டினால் புல். ஒரு இறக்கையை ஆட்டினால் 'வா'. இரண்டு இறக்கையையும் விறைப்பாக விரித்தால் புலி. பொட்டுவுக்கு இறக்கை ஏது? அவள் காதுகளை வைத்தே செய்து காட்டுவாள். கேட்காவிட்டால் என்ன, ஆட்டத் தெரியுமே. காற்று ஒரு பக்கம் அடிக்கும்போது புல் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உள்ளே யாரோ வருகிறார்கள் என்பதுவரை டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். பவளமும் வேலிக்கு வெளியே நின்று அந்த நாலு சைகையை மட்டும் எப்படியோ கற்றுக்கொண்டாள்.

ஆனால் டீச்சர் வேலை தற்காலிக வேலை. கோடையோடு முடிந்துவிட்டது. பவளம் கமிட்டித் தலைவர் காட்டெருமையிடம் போய் நின்றாள்.

"ஐயா, நாரை டீச்சரை மறுபடி போடுங்கையா. பிள்ளை பாதியில நிக்குது."

"நாங்களா முடிவு பண்ணா சர்வாதிகாரம்னு சொல்வாங்கம்மா. பொதுமக்கள் கருத்தைக் கேட்டுத்தான் செய்யணும். கூட்டம் போடுவோம். சான்றிதழைப் புதுப்பிச்சுட்டீங்களா?"

பொட்டுவுக்குக் காது கேட்காது என்ற சான்றிதழை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். போன வருஷம் கேட்காத காது இந்த வருஷம் திருந்தியிருந்தால்?

கூட்டத் தேதியை மந்தி நாலு மரத்தில் ஏறி நின்று கத்தி அறிவித்தது. காது கேட்காத பிள்ளைகள் அவசியம் வர வேண்டும் என்று கூடுதலாக இரண்டு தடவை கத்தியது. கருத்துப் பெட்டி ஒன்றும் வைத்தார்கள். யானைக்கு எட்டுகிற கிளையில் கட்டியிருந்தார்கள். யானைக்குச் சொல்ல ஒரு கருத்தும் இல்லை.

கூட்டத்தன்று ஆற்றங்கரை மைதானத்தில் நல்ல கும்பல். டீயும் வடையும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டு மந்தியும் காவல் மரத்தைவிட்டு இறங்கி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டது. கூட்டக் குறிப்பு எழுத ஆமை. அது எழுதி முடிப்பதற்குள் பேசியவர் வீட்டுக்குப் போய்விடுவார். ஆனால் எழுத்து மட்டும் மணிமணியாக இருக்கும்.

முதலில் வருகைப்பதிவு. ஆமை மூன்று தடவை கூப்பிட்டது. "பொட்டு! பொட்டு! பொட்டு! ஆள் இல்லை."

"இதோ இருக்காளே ஐயா," என்று பவளம் பிள்ளையை முன்னால் தள்ளினாள்.

"பதில் சொல்லலையேம்மா."

"அவளுக்குக் காது கேக்காதுங்களே."

"கேக்கலைன்னா கேக்கலைன்னு அந்தப் புள்ளையே சொல்லணும்ல? ஒவ்வொரு பேருக்கும் நான் எழுந்து வந்து பாக்க முடியுமா?" என்றது ஆமை. ஆமை எழுந்து வருவது என்றால் அடுத்த பௌர்ணமி ஆகிவிடும். பவளம் உட்கார்ந்தாள்.

நாரை டீச்சரும் வந்திருந்தார். மைதானத்து ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றார். பொட்டு ஓடிப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

முதலில் கரடி எழுந்தது. "இதுக்கெல்லாம் டீச்சர் எதுக்கு? காதுல சூடா தேன் ரெண்டு சொட்டு விடுங்க. என் மச்சினனுக்கு அப்படித்தான் சரியாச்சு."

"உங்க மச்சினருக்குக் காது கேக்காதா?" என்று பவளம் ஆசையாகக் கேட்டாள்.

"இல்லம்மா, அவருக்கு முட்டி வலி."

அடுத்து மயில். "அந்தக் குழந்தைங்களுக்காக நான் ஒருநாள் இலவசமா ஆடுறேன். போட்டோ மட்டும் எடுத்துடுங்க." பலத்த கைத்தட்டல்.

பிறகு கிளி மைக்கைப் பிடித்தது. "முதலில் இந்த வார்த்தையை மாற்ற வேண்டும்! கேட்காத காது என்று சொன்னால் மனம் புண்படாதா? ஓய்வெடுக்கும் காது என்று சொல்லலாமே!" உடனே விவாதம் சூடுபிடித்தது. ஓய்வெடுக்கும் காதா, தவமிருக்கும் காதா? மத்தியானம் வரை இதே பேச்சு. கடைசியில் தவமிருக்கும் காது ஜெயித்தது. பொட்டுவுக்குக் கிடைத்த முதல் நலத்திட்டம் அதுதான்.

பவளம் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். தலைவர் பார்த்துவிட்டார். "அம்மா, நீங்க சம்பந்தப்பட்டவங்க. இது பொதுமக்கள் கூட்டம். சம்பந்தம் இல்லாதவங்க பேசினாத்தானே நடுநிலையா இருக்கும்? கடைசியா ரெண்டு நிமிஷம் தர்றேன்."

அந்த இரண்டு நிமிஷம் வந்தபோது வடை தீர்ந்திருந்தது. பாதிப் பேருக்குக் கொட்டாவி. பவளம் எழுந்து கும்பிட்டாள். "பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பெருசா பேச வராது. என் பிள்ளை..." 

அதற்குள் ஓரத்தில் நின்ற பொட்டு காலால் தரையை ஓங்கி உதைத்தாள். வால் மேலே தூக்கி நின்றது. வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு காதும் விறைத்து விரிந்திருந்தன. காற்று கிழக்கே அடித்தது, புல் மேற்கே சாய்ந்து வந்தது. மந்தி வாயில் கடைசி வடை.

"புலி!" என்று அலறினாள் பவளம்.

எல்லாரும் ஆற்றுக்குள் விழுந்து அக்கரைக்கு ஓடினார்கள். தலைவர் தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆமை ஓட்டுக்குள் புகுந்துகொண்டது, உள்ளேயும் எழுதிக்கொண்டிருந்தது. புலி ஓட்டை இரண்டு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு போயிற்று.

அக்கரையில் கூட்டம் மறுபடி கூடியது. எல்லாரும் பொட்டுவைச் சுற்றிக் கைதட்டினார்கள். பவளத்துக்குக் கண்ணீர் நிற்கவில்லை. 'ஆண்டவனே, இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா? இனி டீச்சரை யார் தடுப்பார்கள்?' என்று மனசுக்குள் கும்பிட்டாள். ஆமை வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். அப்புறம் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நம்ம எல்லாருக்கும் காது நல்லா இருக்கு. ஆனா புலி வந்தது நமக்கு யாருக்கும் கேக்கல. இந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. அப்ப என்ன அர்த்தம்? நம்மளைவிட இதுக்கு நல்லா கேக்குது. ஆமை, எழுதிக்கோ."

பவளம் பதறினாள். "ஐயா, அவ கேக்கலைங்க. பார்த்தா!"

"பார்த்தாளா? கண்ணும் நல்லா இருக்கு. அதையும் எழுதிக்கோ."

"நாரை டீச்சர் சொல்லிக்குடுத்ததுங்க அது!"

"அப்ப பாடம் முடிஞ்சுபோச்சு. முடிஞ்ச பாடத்துக்கு டீச்சர் எதுக்கும்மா? பொதுமக்கள் என்ன சொல்றீங்க?"

பொதுமக்கள் கை தூக்கினார்கள். நனைந்த கைகள். சான்றிதழ் ரத்தானது. நாரை டீச்சர் வேலை இனி தேவையில்லை என்று தீர்மானம். அந்த இடத்தில் கிளியைப் போட்டார்கள். தவமிருக்கும் காது பற்றி மாதம் ஒரு தடவை மைக்கில் விழிப்புணர்வு உரை ஆற்ற வேண்டியது அதன் வேலை.

"கூட்டம் இவ்வளவு வெற்றியா நடந்ததே இல்ல," என்றார் தலைவர். "பொதுமக்கள் எப்படி ஓடி ஓடிக் கலந்துக்கிட்டாங்க பாத்தீங்களா!"

நாரை டீச்சர் பொட்டுவின் நெற்றியை அலகால் ஒரு தடவை நீவினார். பிறகு எழும்பித் தெற்குப் பக்கம் பறந்தார். பொட்டு வானத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். டீச்சர் ஏன் போகிறார் என்று அந்தக் கண் கேட்டது.

பவளத்துக்குத் தெரிந்தது நாலே சைகை. தண்ணீர், புல், வா, புலி. வேலை போயிற்று என்பதற்கு எந்தச் சைகை? தீர்மானத்துக்கு எந்தச் சைகை? அது எல்லாம் அடுத்த வருஷப் பாடம். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் கமிட்டி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, இரண்டு காதையும் விறைப்பாக விரித்துக் காட்டினாள்.

பொட்டு வாலைத் தூக்கிக்கொண்டு எடுத்தாள் ஓட்டம். பவளமும் பின்னாலேயே ஓடினாள். அந்தப் பக்கம் அவர்கள் திரும்பியே பார்க்கவில்லை.

ஆமை அன்றைய கூட்டக் குறிப்பின் கடைசி வரியை மணிமணியாக எழுதியது: "பயனாளி மகிழ்ச்சியில் துள்ளி ஓடினார்."

நீதி: உதவி வேண்டி நிற்கிற இடத்தில் தவறியும் யார் உயிரையும் காப்பாற்றிவிடாதீர்கள், உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட, பிழைத்தவர்கள் எல்லாரும் வரிசையில் வந்து நிற்பார்கள்.