உன் மூடியைக் கேட்காமல் எடுத்த விவரம்

கெலுபி கிராமம், பங்கா தீவு.
நபிகள் பிறந்தநாள் மவ்லிது முடிந்து மூன்றாம் நாள்.

என் அன்புக்கும் மரியாதைக்கும், உண்மையைச் சொன்னால் பயத்துக்கும் உரிய மனைவி ரோஸ்னிதாவுக்கு, உன் கணவன் மர்சுவான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கு நலம். பாண்டுங்கில் நீயும் மகள் யுலிஸ்மாவும் மருமகனும் பேத்தியும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் செய்தால் நீ உடனே அதைக் குழந்தையின் வாயருகே வைத்துவிடுகிறாய். அது "ங்ஙா" என்கிறது, நானும் "ங்ஙா" என்கிறேன், பதினோரு மாதமாக நமக்குள் நடக்கிற பேச்சுவார்த்தை இவ்வளவுதான். தபால் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். கடிதத்தைப் பாதியில் குழந்தையிடம் கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஊர் நிலவரம். நம் மாகாணம் வளர்கிறது, வளர்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. கடைத்தெருவில் மூன்று காப்பிக் கடை வந்துவிட்டது, மூன்றிலும் காப்பியைத் தவிர எல்லாம் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு ஜும்ஹாரி மாடி கட்டிவிட்டான், மாடியில் ஏறி நின்று என் வீட்டுக் கூரையில் எத்தனை ஓட்டை என்று எனக்கே சொல்கிறான். கடலில் வெள்ளீயம் உறிஞ்சும் படகுகள் வரிசைகட்டி நிற்கின்றன, தண்ணீர் பால் காப்பி நிறத்தில் இருக்கிறது, மீனெல்லாம் கோபித்துக்கொண்டு உன்னை மாதிரியே தூரமாகப் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே, மீனைத்தான் சொன்னேன்.

நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன், தோட்டத்தைப் பற்றி. உன் அப்பா உன் பெயருக்குக் கொடுத்த மிளகுத் தோட்டம்தான். நீ தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, அடியில் ஈயமணல் இருக்கிறது, ஊரே தோண்டுகிறது, நீ மட்டும் என்ன என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பம்ப் செட்டோடு வந்தார்கள், தோண்டினார்கள், அள்ளினார்கள், போய்விட்டார்கள். இப்போது அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நீலப்பச்சையாக நிற்கிறது. ஜகார்த்தாவிலிருந்து பெண்கள் வந்து குடை பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். "எவ்வளவு அழகான இடம், நீங்க கொடுத்து வச்சவர் ஐயா" என்று ஒரு பெண் சொன்னாள். ஆமாம்மா, கொடுத்துவிட்டேன் என்றேன். நீ அந்தப் பள்ளத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாய், மகளுக்குப் பிரசவம், மூன்று மாதத்தில் வருகிறேன் என்று பெட்டியைக் கட்டினாய். பேத்திக்கு இப்போது பல் முளைத்துவிட்டதாமே. நல்ல செய்தி சொல்கிறேன் கேள்: பள்ளத்தின் கரையில் நாற்பது மிளகுக் கொடி நட்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் கம்பத்தில் இடுப்பளவு ஏறிவிட்டது. இதைப் பார்க்கவாவது நீ வரவேண்டும். நான் அங்கே வரலாம்தான், ஆனால் கொடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

இனி மவ்லிது அன்று நடந்தது. அடுப்பு எரிகிற வீடு ஒவ்வொன்றும் பள்ளிவாசலுக்கு ஒரு தாம்பாளம் தூக்கிப் போகவேண்டுமே, நம் வீட்டிலும் ஏதோ எரியத்தானே செய்கிறது. அன்னாசி போட்டு மஞ்சள் மீன் குழம்பு வைப்போம் என்று கிளம்பினால் சந்தையில் மீன் இல்லை. சரி, கோழி என்று திரும்பினால் கேஸ் தீர்ந்துவிட்டது. சமைத்துத் தரும் ஆட்களைக் கேட்டால், இப்போது ஊரில் பாதி வீட்டுத் தாம்பாளம் அவர்கள் கையில்தானாம், என்னைத் தாமதம் என்று துரத்திவிட்டார்கள். வெறுங்கையோடு போனால் மானம் போகும். அதனால் தாம்பாளத்தில் நான்கு நூடுல்ஸ் பாக்கெட்டும் ஒரு சாளை மீன் டப்பாவும் வைத்து, மூலையில் செருப்புப் பக்கமாக வைத்து, நானே அதன் முன்னால் உட்கார்ந்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். திட்டம் நல்ல திட்டம்தான். மேலே கவிழ்க்க மூடி தேடினேன், அலமாரி மேலிருந்த உன் சிவப்பு ஓலை மூடியை எடுத்துவிட்டேன். நீ மஞ்சள் நூலில் நட்சத்திரம் பின்னியது. அந்த நட்சத்திரத்தைப் பார்த்தால் பள்ளிவாசலில் பாதிப் பேருக்கு வாயில் எச்சில் ஊறும் என்பது இந்த மரமண்டைக்கு எட்டவில்லை.

வாசலிலேயே ஜும்ஹாரி பிடித்துக்கொண்டான். "என்ன மச்சான், அக்கா வந்துட்டாங்களா? சொல்லவே இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் தாம்பாளத்தைப் பிடுங்கிவிட்டான். "ரோஸ்னிதா அக்கா தட்டு மூலையில வைக்கிற தட்டா? விருந்தாளி முன்னாடில்ல போகணும்."

விருந்தாளி என்றால் மாகாண அலுவலகத்திலிருந்து வந்த பெரியவர். பூமிக்கடியில் நமக்கு எவ்வளவு செல்வம் இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். அதற்குள் ரோஸ்னிதா வந்துவிட்டாளாம் என்று வரிசை வரிசையாகச் செய்தி போய்விட்டது. ஆளாளுக்கு என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். இமாம்கூடத் திரும்பிச் சிரித்தார். இல்லை, வரவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரோஸ்னிதா, அந்த முக்கால் மணி நேரம் நீ வீட்டில் இருப்பதாக நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தொழுகை முடிந்து போனால் வாசலிலேயே "சட்டைப் பொத்தான் மாத்திப் போட்டிருக்கீங்க" என்று நீ திட்டுவாய் என்று குனிந்து பொத்தானைக்கூடச் சரிசெய்தேன்.

பெரியவர் இரண்டு கையாலும் மூடியைத் தூக்கினார். டப்பாவைப் பார்த்தார். சுற்றி இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது நம்ம ஊர்ல விளைஞ்சதா?" என்றார்.

"தகரத்துல பூசின ஈயம் நம்மளுதா இருக்கலாம் ஐயா. மீனு வெளியூர்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. ஜும்ஹாரி தன் தாம்பாளத்தைப் பெரியவர் பக்கம் தள்ளிவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தான். "போயி கூட்டிட்டு வா மச்சான்" என்றான். இதற்கிடையில் பெண்கள் உன்னைப் பார்க்க நம் வீட்டுக்கே போயிருக்கிறார்கள், அடுக்களையைப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலையிலிருந்து ஏழு வீட்டுச் சாப்பாடு வருகிறது. தின்று தின்று தொப்பை போட்டுவிட்டேன். ஒன்றிலும் உன் கைப்பக்குவம் இல்லை.

பேத்திக்கு நீண்ட ஆயுளும், மகளுக்கும் மருமகனுக்கும் பரக்கத்தும், உனக்கு முழங்கால் வலி இல்லாத நாட்களும் கிடைக்கட்டும். நான் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறேன். அவசரமில்லை, கொடி காய்க்கும்போது வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் கணவன் மர்சுவான்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கொடி விஷயம் பொய். நாற்பது நட்டேன், நாற்பதும் செத்துவிட்டன. அந்த மணலில் இனி ஒன்றும் முளைக்காது, அதனால் தண்ணீர் ஊற்ற நான் இங்கே இருக்கவேண்டிய அவசியமுமில்லை. சனிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், ஜகார்த்தாவிலிருந்து ரயில். உன் அப்பாவின் தோட்டத்துக்கு உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான், ஊர்க்காரன் எவனும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இதை நேரில் சொல்லத்தான் வருகிறேன். குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, கதவை நீயே வந்து திற.