டிவிக்கு முன்னால் தூக்கிய கை

அன்பு மச்சான் கமலநாதன் அவர்களுக்கு,

செந்தூலிலிருந்து கார்த்திகேசு எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை மலர், மகள் சிந்து மூவரும் சுகம். என் கைகள் மட்டும் சுகமில்லை என்று ஊரே பேசிக்கொள்கிறது, நம்ப வேண்டாம். கிள்ளானில் ரமணி அக்காவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்றும், டாக்டர் சொன்னபடி நீங்கள் சீனி தூக்கலான தே தாரே டீயை விட்டிருப்பீர்கள் என்றும் நம்புகிறேன். இரண்டாவதை அவ்வளவாக நம்பவில்லை. வாட்ஸாப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் கைப்பேசியை என்னைவிட மலர்தான் அதிகம் பார்க்கிறாள், அதற்குத்தான்.

எல்லாம் டிவியில் தொடர் பார்க்க நீங்கள் கொடுத்த பாஸ்வர்டால் வந்தது மச்சான். "பாருங்க மாப்ள, அமெரிக்காவுல ஒரு பெரிய நகரம், போலீஸ், கஞ்சா, எலெக்‌ஷன், ஸ்கூல் பையனுங்க, எல்லாம் ஒரே தொடர்ல" என்று சொன்னீர்கள். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் உட்காருவோம். அவர்கள் பேசும் ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை, கீழே ஓடும் மலாய் எழுத்தைத்தான் படிக்கிறேன். ஒரு வரியை நான் படித்து முடிப்பதற்குள் அதைப் பேசியவனைச் சுட்டுவிடுகிறார்கள். அப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் மேயரின் ஆள் நகரசபையில் ஏதோ ஒரு தாளை வாசித்துவிட்டு, இதை ஆதரிப்பவர் யார் என்பதுபோல நேராக என்னைப் பார்த்தான். என் கை தானாக மேலே போனது. "வழிமொழிகிறேன்!" என்று மண்டபத்துக்குக் கேட்கிற குரலில் சொல்லிவிட்டேன். மலர் சிரித்த சிரிப்பில் முறுக்கு டின் கீழே விழுந்தது. சிந்து, "அப்பா, அவங்களுக்குத் தமிழ் தெரியாதுப்பா" என்றாள்.

உங்களுக்குத் தெரியாததா? இருபத்திரண்டு வருடமாகக் கோயில் கமிட்டி, மரண சகாய சங்கம், எங்கள் ஃபிளாட் குடியிருப்போர் சங்கம், சிந்து படிக்கும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், எல்லா ஆண்டுக் கூட்டத்திலும் வழிமொழிகிறவன் நான்தான். முன்மொழியப் படிப்பு வேண்டும், எதிர்க்கத் தைரியம் வேண்டும், வழிமொழிய ஒரு கை இருந்தால் போதும். கார்த்திகேசு வந்தால் கூட்டம் அரை மணி நேரம் முன்னதாக முடியும் என்று பெயர் எடுத்திருக்கிறேன்.

போன வாரத்துக்கு முந்திய ஞாயிறு அந்தத் தொடரில் பரீட்சை வந்தது. தேர்தல் நெருங்குகிறது, மேயருக்கு நல்ல மார்க் வேண்டும், அதனால் படிப்பு வராத பையன்களைப் பரீட்சையன்று வரவேண்டாம் என்கிறார்கள். அதில் ஒருவன், பெரிய பையைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வருவானே அந்த ஒல்லிப் பையன், நேரே போய்க் கஞ்சா விற்கிறவர்கள் நிற்கும் தெருமுனையில் நின்றுவிட்டான். எனக்கு வந்ததே கோபம். "இதுக்கு எந்த மடையன்டா கை தூக்குனான்?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். சிந்து படத்தை நிறுத்தினாள்.

"நீங்கதான்பா."

"நானா? அமெரிக்காவுலயா?"

"போன வருஷம் நம்ம ஸ்கூல் மீட்டிங்ல. ஏழாவது தீர்மானம். நாலாம் படிவக் கடைசிப் பரீட்சைல ஐம்பதுக்குக் கீழ எடுத்தவங்க அஞ்சாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சைல தமிழ் எழுத வேணாம், ஸ்கூல் பாஸ் பர்சன்டேஜ் எறங்குது. முன்மொழிஞ்சவர் வேலாயுதம், வழிமொழிஞ்சவர் கார்த்திகேசு. போர்டுலயே ஒட்டியிருந்தாங்க."

ஏழாவது தீர்மானத்தைப் பற்றி எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான் மச்சான்: அதற்கு அடுத்துக் கறிபாப் பலகாரம் கொடுத்தார்கள்.

"இந்த வருஷமும் அதே தீர்மானம் வருதுப்பா, சனிக்கெழம. லிஸ்ட்ல பதினோரு பேரு. என் ஃபிரெண்ட் தாமரை இருக்கா." அவள் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நானும் இருக்கேன். நாப்பத்தி நாலு."

"முன்னாடியே ஏம்மா சொல்லல?"

"மீட்டிங் போட்டோல அவ்வளவு சந்தோஷமா நின்னீங்க. எப்படிச் சொல்றது?"

மலர் குனிந்து, கீழே சிந்திய முறுக்கைப் பொறுக்குவதுபோலத் தரையைத் தடவினாள். முறுக்கு சிந்தியது முந்திய வாரம். பொறுக்க ஒன்றும் மிச்சமில்லை.

சனிக்கிழமை போனேன். எழுந்து நின்று எதிர்த்துப் பேச நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், குளிக்கும்போது சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். முதல் ஆறு தீர்மானத்துக்கும் கை வழக்கம்போலச் சந்தோஷமாக மேலே போய் வந்தது. ஏழாவதைத் தலைவர் வேலாயுதம் வாசிக்கத் தொடங்கியதும் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். "வழிமொழிபவர்?" என்று கேட்டார். செயலாளர் சீதாலெட்சுமி டீச்சர் என் பெயரில் பாதியை ஏற்கெனவே எழுதிவிட்டார். மண்டபத்தில் நூறு பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் கை தூக்கிப் பழக்கமில்லை, எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து கன்னையா அண்ணன், "தம்பி, ஏழு வந்திருச்சு லா!" என்றார். "கார்த்திகேசு அண்ணே, என்னாச்சு?" என்று வேலாயுதம் மைக்கிலேயே கேட்டார். நாலு வாக்கியமும் எங்கே போனதோ தெரியவில்லை. "கை சுளுக்கு" என்றேன்.

"அப்ப எடது கையத் தூக்குங்க!"

"அதுக்கும் பரவிடுச்சு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வழிமொழிய ஆள் இல்லன்னா தீர்மானம் விழுந்துடும் சார், விதி அப்படித்தான்" என்று சொல்லி என் பாதிப் பெயரை அடித்துவிட்டார். அவ்வளவுதான். கறிபாப் வந்தது. இரண்டு கையும் சுளுக்கிய ஆள் எப்படித் தின்பது? கன்னையா அண்ணன் ஊட்டிவிட்டார். ஐந்து பேர் கோடாலித் தைலம் தேய்த்தார்கள். வீட்டுக்கு வந்தால், தாமரை போன் பண்ணி எல்லாம் சொல்லியிருக்கிறாள் போல. சிந்து மறுநாள் மதியம், "வாங்கப்பா, ஆரம்பிக்கப் போவுது" என்று கூப்பிட்டு முறுக்கு டின்னை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். புது முறுக்கு.

ஆக, சும்மா உட்கார்ந்தே ஒரு தீர்மானத்தைச் சாய்த்தவன் உங்கள் தங்கை புருஷன். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் நீண்ட ஆயுளோடும் கொஞ்சம் சீனியோடும் இருக்க முருகனை வேண்டிக்கொள்ளும்,

கார்த்திகேசு

பின்குறிப்பு: மேலே எழுதியதை வெற்றி என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். இன்று காலை சங்கத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது. கார்த்திகேசு அண்ணன் கை குணமாகட்டும் என்று, ஏழாவது தீர்மானத்துக்கு மட்டும் பதினான்காம் தேதி சிறப்புக் கூட்டமாம். கறிபாப் உண்டாம். இனிச் சுளுக்கு உதவாது, எழுந்து வாயைத் திறந்தாக வேண்டும். அந்த நாலில் மூன்று வாக்கியம் மறந்தே போய்விட்டது. தொண்டை வரை வந்து நின்ற நாலாவது மட்டும் இருக்கிறது. மலருக்கும் தெரியாது, சிந்துவுக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்: நாலாம் படிவக் கடைசிப் பரீட்சையில் தமிழில் நான் வாங்கியது முப்பத்தெட்டு, ஆனால் என்னைத் தமிழ் எழுத வேண்டாம் என்று அன்றைக்கு ஒருவரும் கை தூக்கவில்லை.